சந்தேகத்தின் பேரில் பிடுங்கப்பட்ட பற்கள்

சந்தேகத்தின் பேரில் ஒருவரைப் பிடித்து உள்ளே போட வேண்டுமென்றால், போலீஸ்காரர் ஒப்புக்காவது ஒரு எஃப்.ஐ.ஆர். எழுத வேண்டும். பல் டாக்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. கன்னத்தில் வலி என்று நோயாளி வாய் திறந்தால் போதும். முப்பத்திரண்டில் கைக்கு எட்டியது எதுவோ அது குற்றவாளி. அவர்கள் பிடித்தால் உள்ளே. இவர்கள் பிடித்தால் வெளியே. ஜாமீன் கிடையாது. அப்பீல் கிடையாது. போன பல் போனதுதான்.

தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். ரிட்டயர்டு வாத்தியார், பக்கத்து வீட்டு அத்தை, பேங்க் வரிசையில் துண்டால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிற பென்ஷன்காரர். ஒரு பக்கக் கடைவாய் மட்டும் துடைத்து எடுத்ததுபோலக் காலி. "பல்லெல்லாம் எங்கே?" என்று கேளுங்கள். "வலி தாங்கல, எடுத்துட்டாங்க" என்பார்கள். "வலி போச்சா?" என்று கேட்காதீர்கள். அடிக்க வருவார்கள்.

அந்த வலிக்குப் பெயர் உண்டு. டிரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்தின் உணர்ச்சியையெல்லாம் மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு ஒன்று இருக்கிறது. நெற்றிக்கு ஒரு கிளை, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. மூளைத்தண்டை ஒட்டி அந்த நரம்பின் வேர் இருக்கிற இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்திக்கொண்டு கிடக்கும். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் அதுதான். நரம்பின் மேலுறை தேய்ந்துவிடும். பிறகு முகம் கழுவினால் ஷாக். பல் தேய்த்தால் ஷாக். ஷேவிங் செய்தால், ஃபேன் காற்று பட்டால், ஒரு வாய் சோறு மென்றால், வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று கூப்பிட்டால் ஷாக். சில நொடி இருக்கும். அதிகம் போனால் இரண்டு நிமிடம். நிற்கும். மறுபடி அடிக்கும். நாளுக்கு நூறு தடவை வாங்குகிறவர்களும் உண்டு. தூக்கத்தில் பெரும்பாலும் வராது. சொத்தைப் பல்லின் வலியோ ராத்திரி படுத்த பிறகுதான் கச்சேரியை ஆரம்பிக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க லேசர் மெஷின் வேண்டாம். "ராத்திரி தூங்குறீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி வழக்கு முடிந்துவிடும். கேட்க மாட்டார்கள். கேள்விக்குக் கட்டணம் இல்லை.

இது நேற்று கண்டுபிடித்த நோயா? தத்துவ மேதை என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த ஜான் லாக் மருத்துவரும்கூட. பாரிஸில் இருந்த இங்கிலாந்துத் தூதரின் மனைவி இந்த வலியில் துடித்ததை அவர் 1677-லேயே கடிதத்தில் எழுதிவிட்டார். 1773-ல் ஜான் ஃபாதர்கில் என்ற டாக்டர் லண்டனில் விவரமாக எடுத்துச் சொன்னார். 1962-ல் கார்பமாசெபின் என்ற மாத்திரைக்கு இது கட்டுப்படும் என்று தெரிந்தது. தகவல் புறப்பட்டு முந்நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது. கிண்டி பாலத்தில் மாட்டிக்கொண்டது போலும். நம் தெரு கிளினிக்குக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சல்மான் கானுக்கும் இதே நோய்தான். 2011-ல் அமெரிக்கா போய் வைத்தியம் பார்த்துக்கொண்டார். சாகலாம் என்று தோன்றவைக்கிற வலி என்று மேடையிலேயே சொன்னார். சிக்ஸ் பேக் வைத்த ஆளுக்கே அந்தக் கதி. அவருக்கு அமெரிக்கா. நமக்கு பஸ் ஸ்டாண்டு எதிரில், மொபைல் கடைக்கு மேலே, முதல் மாடி.

பல் டாக்டர்களுக்கு இது தெரியாது என்று சொன்னால் வாய் அழுகிவிடும். தெரியும். பிரமாதமாகத் தெரியும். முதல் வருஷ அனாட்டமியில் அந்த நரம்பைக் கிளை கிளையாகப் படம் போட்டுப் பாகம் குறித்துத்தான் பாஸ் ஆனார்கள். கடைசி வருஷப் பரீட்சையில் அந்த நோயின் அறிகுறிகளையும் மருந்தையும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதற்குப் பிறகு கிளினிக் திறந்து, தினமும் மரத்துப்போக ஊசி போடுவதே அந்த நரம்பின் கிளைக்குத்தான். இருபது வருஷமாக ஒரு நரம்பை மரக்கவைத்தே காசு பார்த்தவருக்கு, அந்த நரம்பே வலிக்கலாம் என்பது மட்டும் தோன்றாது. பரீட்சையில் வந்தால் நரம்பு. நாற்காலியில் வந்தால் பல்.

எங்கள் அத்தை ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். வலது கன்னத்தில் சுளீர் சுளீர் என்று வலி. போனாள். மேலே லைட்டைத் திருப்பினார்கள். டாக்டர் கண்ணாடிக் கம்பியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். "இதாம்மா? இதா?" நான்காவது தட்டில் கம்பி உள்கன்னத்தில் உரசியது. அத்தை துள்ளி எழுந்தாள். தொட்டாலே வெடிக்கிற இடம் அது. நோயின் இலக்கணமே அதுதான். டாக்டர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். "பார்த்தீங்களா, இந்தப் பல்லுதான்!" எக்ஸ்ரே எடுத்தார்கள். "லேசா ஒரு ஷேடோ இருக்கு." அறுபது வயதுக்காரி வாயில் ஷேடோ இல்லாத பல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரூட் கெனால். அதன் மேல் கேப். அப்பா அம்மா என்று நாலு சிட்டிங்.

வேடிக்கை இனிமேல்தான். வலி நின்றுவிட்டது! அத்தை ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போய் டாக்டர் கையில் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். இந்த நோய் சில வாரமோ சில மாதமோ தானாக அடங்கி, பிறகு தலைகாட்டும். அடங்கியது நோய். பேர் வாங்கியது கேப். இன்னொரு சூதும் உண்டு. பல்லுக்கு ஊசி போட்டு மரக்கவைத்துப் பார்த்தால், வலியைத் தூண்டும் இடமும் சேர்ந்து மரத்துப்போகும். வலி நிற்கும். "ஊசி போட்டதும் நின்னுச்சு, அப்ப பல்லுதான்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சாட்சி பொய் சொல்லவில்லை. விசாரித்தவருக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

மைசூர்பாகு ஜீரணமாகிற நேரத்தில் வலி திரும்பி வந்தது. "அது சரியாயிடுச்சும்மா, இது பக்கத்துப் பல்லு." பக்கத்துப் பல்லும் ஆயிற்று. "எடுத்துட்டா நிம்மதி." எடுத்தார்கள். நிம்மதி டாக்டருக்கு. அப்புறம் அதற்கும் பக்கத்துப் பல். கடைசியில், பிடுங்குவதற்கு அந்தப் பக்கம் ஏதும் மிச்சமில்லை என்றான பிறகு, மருத்துவ விஞ்ஞானத்தின் இறுதி முடிவு அறிவிக்கப்பட்டது: "உங்களுக்கு டென்ஷன் ஜாஸ்திம்மா. மனசை ஃப்ரீயா வச்சுக்கோங்க." வாயை ஃப்ரீயாக்கிவிட்டார்கள். மனசுதான் பாக்கி.

சர்க்கரை மாத்திரைக்காகப் போன அரசு ஆஸ்பத்திரியில் யாரோ நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் பல்லைப் பார்க்கவே இல்லை. "முகம் கழுவும்போது அடிக்குதாம்மா?" என்றார். அத்தை அழுதுவிட்டாள். மாத்திரை எழுதினார். ஒரு மாத்திரையின் விலை ஒரு டீயின் விலைகூட இல்லை. அதற்காகத் தலைசுற்றலும், வயதானவர்களுக்கு ரத்தத்தில் உப்புக் குறைவும் வரலாம், நம் ஆசியர்களில் சிலருக்கு உயிரையே வாங்கும் அளவுக்குத் தோல் உரியும் ஆபத்தும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து. மெடிக்கல் ஷாப் தம்பியிடம் கேட்டு வாங்குவது அல்ல. கட்டியோ வேறு நரம்பு நோயோ இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்தும் பார்க்க வேண்டும். மருந்து கேட்காவிட்டால், நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவில் டெஃப்லான் பஞ்சு வைக்கிற ஆபரேஷன் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. பல்தான் இல்லை.

தனி மனிதர்களைத் திட்டிக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வியாபாரம் நிற்கிற அஸ்திவாரத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள். தமிழ்நாட்டில் அரசுக்குச் சொந்தமானவை சென்னை, கடலூர் மாவட்டம், புதுக்கோட்டை என்று மூன்றே மூன்று. மிச்சமெல்லாம் கல்வி வள்ளல்களின் கைங்கரியம். வருஷத்துக்கு இருபத்தைந்தாயிரத்துக்கும் மேலே பி.டி.எஸ். சீட்டுகள். லட்சக்கணக்கில் கட்டிப் படித்த பையன் வெளியே வருகிறான். நாற்காலிக்குக் கடன். எக்ஸ்ரே மெஷினுக்குக் கடன். வாடகை. எதிர்ப்புறம் இரண்டு கிளினிக், பக்கவாட்டில் ஒன்று. அவன் வாசலில் போர்டு மாட்டுகிறான்: "ஆலோசனை இலவசம்."

அந்த போர்டைத்தான் உடைக்க வேண்டும். அரை மணி நேரம் உட்காரவைத்து, வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைத் தொட்டால் கிளம்புகிறது என்று கேட்டால் வரும்படி பூஜ்யம். ரூட் கெனாலுக்கு ஆயிரக்கணக்கில். கேப்புக்குத் தனியாக. பிடுங்கிய இடத்தில் இம்பிளான்ட் வைக்க ஈ.எம்.ஐ. வசதி, வட்டி இல்லாமல். யோசனை இலவசம், துளை போடுவதற்குக் காசு என்று ஆக்கிவிட்டால் எவன் யோசிப்பான்? இலவசமாகக் கொடுக்கிற யோசனைக்கு மதிப்பும் அவ்வளவுதான்.

கல்லூரிக்குள் போய்ப் பாருங்கள், இதைவிட அழகு. ஓரல் மெடிசின் என்று ஒரு துறை உண்டு. வலியை விசாரித்து நோயைக் கண்டுபிடிக்கவே அந்தத் துறை. தரைத்தளத்தில்தான் இருக்கும். நோயாளி முதலில் அங்கேதான் போக வேண்டும். அங்கே என்ன நடக்கிறது? கேஸ் ஷீட் எழுதி, எக்ஸ்ரே எடுத்து, "மேலே மூணாவது மாடி" என்று அனுப்பிவைக்கிறார்கள். மூளையாக இருக்க வேண்டிய துறையை டோக்கன் கவுன்டராக்கிவிட்டோம். மூன்றாவது மாடியில் மாணவன் காத்திருக்கிறான். அவனுக்குக் கோட்டா. இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும், இத்தனை செட் கட்ட வேண்டும். கணக்கு முடியாவிட்டால் கையெழுத்து கிடைக்காது. "இது பல் இல்லை என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியது: இத்தனை" என்று ஒரு கோட்டா எந்தக் கல்லூரியிலும் இல்லை. எதற்கு மார்க் போடுகிறார்களோ அதைத்தான் பையன் கற்றுக்கொள்வான்.

இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க 1948-ல் போட்ட ஒரு சட்டமும் அதன்படி வந்த ஒரு கவுன்சிலும் இருந்தன. ஆய்வு நாளன்று மட்டும் முளைக்கிற வாடகைப் பேராசிரியர்கள், பிரியாணிக்கு வருகிற வாடகை நோயாளிகள் என்று பத்திரிகைகள் எழுதி எழுதி அலுத்துப்போன பிறகு, 2023-ல் புதுச் சட்டம் போட்டுத் தேசிய ஆணையம் என்றார்கள். பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடிப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. எம்.டி.எஸ். மேற்படிப்பில் ஒன்பது பிரிவுகள் பார்த்து வளர்ந்தோம். பல்லை வரிசைப்படுத்த ஒன்று, ஈறுக்கு ஒன்று, செட் கட்ட ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று. வலிக்கென்று தனியாக? இல்லை. பல் டாக்டரிடம் நாம் போவதே பெரும்பாலும் வலிக்கிறது என்றுதான். அழகாகச் சிரிக்க வேண்டும் என்பவருக்கு ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார். அழுதுகொண்டு வருபவருக்கு இல்லை.

அமெரிக்காவில் முக வலியைத் தனிப் பிரிவாக, பன்னிரண்டாவதாக, 2020-ல் அங்கீகரித்தார்கள். முக, வாய் வலிகளை வகைப்படுத்தும் சர்வதேசப் பட்டியலும் அதே வருஷம்தான் வந்தது. உடனே வெள்ளைக்காரன் புத்திசாலி என்று கும்பிடு போட வேண்டாம். அவன் செய்த அக்கிரமம் கொஞ்சநஞ்சமல்ல. நியூஜெர்சி மாநிலம் டிரென்டனில் ஹென்றி காட்டன் என்று ஒரு மகான், 1907 முதல் 1930 வரை மனநல ஆஸ்பத்திரியின் தலைவர். பைத்தியத்துக்குக் காரணம் பல்லில் ஒளிந்திருக்கிற கிருமி என்று முடிவு கட்டினார். நோயாளிகளின் பற்களை ஆயிரக்கணக்கில் பிடுங்கித் தள்ளினார். குணமாகவில்லையா? டான்சிலை எடு. அதிலும் இல்லையா? குடலை அறு. எத்தனையோ பேர் அந்த ஆபரேஷன்களால் செத்தார்கள். அவரோ நூற்றுக்கு 85 பேர் குணம் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும். தன் பற்களையும், தான் பெற்ற பிள்ளைகளின் பற்களையும்கூட அந்தத் தத்துவத்துக்காகப் பிடுங்கவைத்தார். நம் ஆட்கள் அவ்வளவு நேர்மையாளர்கள் என்று இதுவரை தகவல் இல்லை.

நரம்பு வலியாவது அபூர்வம். தாடை மூட்டும் அதைச் சுற்றியுள்ள தசையும் வலிப்பது ஊரெங்கும் இருக்கிறது. ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிறவர், பகல் முழுக்கத் தாடையை இறுக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர். கன்னத் தசை இறுகினால் கடைவாய்ப் பல் வலிப்பதுபோலவே இருக்கும். வெந்நீர் ஒத்தடம், மென்மையான சாப்பாடு, தாடைக்குப் பயிற்சி, தேவைப்பட்டால் ராத்திரி போட்டுக்கொள்ள ஒரு தகடு. பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவிலேயே தணியும். இதில் என்ன லாபம்? "உங்க கடி சரியில்லை" என்று சொல்லி நல்ல பற்களை ராவத் தொடங்குவார்கள். ராவிய எனாமல் திரும்ப முளைக்காது. பிறகு எல்லாவற்றுக்கும் கேப் போட வேண்டிவரும். வலிக்கு வைத்தியம் தேடிப் போனவர் வாய் முழுக்க ஜிர்கோனியாவோடும் பழைய வலியோடும் திரும்புகிறார். பல் மருத்துவக் கல்வியில் தாடை மூட்டு வலியைப் பற்றிச் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று அமெரிக்க தேசிய அகாடமிகளே 2020-ல் அறிக்கை போட்டுப் புலம்பியிருக்கின்றன. அங்கேயாவது புலம்ப ஒரு கமிட்டி இருக்கிறது.

பெண்கள் விஷயத்துக்கு வந்தால் சிரிக்க முடியவில்லை. மாதவிடாய் நின்ற வயதில் பலருக்கு நாக்கும் உதடும் எரியும். நாள் முழுக்க, மிளகாயைக் கடித்து வைத்ததுபோல. பார்த்தால் வாய் சுத்தமாக இருக்கும். புண் இல்லை, சிவப்பு இல்லை. பி12 குறைவா, இரும்புச் சத்தா, சர்க்கரையா, பூஞ்சையா, பிரஷர் மாத்திரையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் அது நரம்பு சம்பந்தப்பட்ட தனி நோய்; பெயரும் உண்டு, மருந்தும் உண்டு. நம் ஊரில் என்ன நடக்கிறது? "கிளீன் பண்ணிடலாம்மா." சுரண்டுகிறார்கள். எரிச்சல் இருக்கிறது. "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கு?" வீட்டில் புருஷன் கேட்கிறான்: "டாக்டரே ஒண்ணுமில்லேங்கறார், உனக்கு என்ன?" ஒரு டாக்டர் தனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டதற்கு, அவள் வருஷக்கணக்கில் பொய் சொல்லி என்று பேர் வாங்குகிறாள். ரசத்தைக்கூடத் தண்ணீர் விட்டுக் குடிக்கிறவளுக்கு நடிப்புப் பட்டம்.

எம்.பி.பி.எஸ்.காரர்கள் ஓரமாக நின்று சிரிக்க வேண்டாம். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை படித்த அவர்கள், நடுவில் வாய் என்ற ஒரு சந்தைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். "வாயா? பல் டாக்டரைப் பாருங்க." பல் டாக்டர்: "பல்லெல்லாம் நல்லா இருக்கு, காது மூக்கு தொண்டையைப் பாருங்க." அவர்: "சைனஸ் இல்லை, பல்லைப் பாருங்க." ரயில்வே லைனில் பிணம் கிடந்தால் எந்த ஸ்டேஷன் லிமிட் என்று இரண்டு இன்ஸ்பெக்டர்கள் நாடா பிடித்து அளப்பார்களே, அந்தத் தகராறுதான். ஒரே வித்தியாசம், இங்கே நடுவில் கிடப்பது உயிரோடு கிடக்கிறது. மூன்று இடத்திலும் ஃபீஸ் கட்டிவிட்டுக் கிடக்கிறது.

"இது பல் வலி இல்லை. நான் கை வைக்க மாட்டேன். நரம்பு டாக்டருக்குக் கடிதம் தருகிறேன்" என்று சொல்கிற பல் டாக்டர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். கிளினிக்கில் சோபா பழையதாக இருக்கும். கூகுளில் ஒற்றை ஸ்டார் கொடுத்து யாராவது எழுதியிருப்பார்கள்: "வைத்தியமே பண்ணல, இதுக்குப் போய் ஐந்நூறு ரூபாய் வாங்கிட்டார்." எழுதியவர் நம்மில் ஒருவர்தான். மெஷின் சத்தம் கேட்டால்தான் நமக்கு வைத்தியம்.

ஆகவே பல் டாக்டர்களுக்குப் பொதுஜனத்தின் சார்பில் ஒரு வியாபார ஒப்பந்தத்தை முன்வைக்கிறேன். இலவச ஆலோசனை போர்டைக் கழற்றுங்கள். உட்காரவைத்துக் கேளுங்கள். ஆயிரம் ரூபாய் வாங்குங்கள். பிடுங்குவதற்குக் கொடுத்ததைப் பிடுங்காமல் இருப்பதற்கும் கொடுக்கிறோம். ஜி.எஸ்.டி. போட்டாலும் சரி. ரசீதில் மட்டும், "எடுத்த பற்கள்: 0" என்று தெளிவாக எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உங்கள் சர்ட்டிஃபிகேட்டைவிடப் பெரிய ஃப்ரேம் வாங்கி நடுக்கூடத்தில் மாட்டுகிறோம்.